உன் மூளைப் படமும் என் வயிற்றெரிச்சலும்

கதிர், அப்பாதான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. வாயால் சொன்னால் பாதியிலேயே என் குரல் ஏறிவிடும், நீ காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவாய். "எதையாவது சொல்லணும்னா எழுதிக் குடுங்கப்பா, நான் படிச்சுக்கறேன்" என்று நீயேதான் ஒரு முறை சொன்னாய். வெல்டிங் பிடித்த கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். திங்கட்கிழமை நீ சென்னைக்கு வேலைக்குப் போகிறாய். இன்னொருத்தனோடு அறை எடுத்துத் தங்கப் போகிறாய். சந்தோஷம்தான், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் நேற்றுச் சாயந்தரம் யார் உன்னைக் கொண்டுபோய் விடுவது என்று பேச்சு வந்தபோது, "அம்மா வரட்டும். அப்பா வரவேணாம்" என்றாய். சரி, அப்புறமாவது எப்போதாவது ஒருநாள் பார்க்க வரட்டுமா என்று கேட்டேன். அதற்கும் "வேணாம்". தட்டில் இருந்த தோசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். நான் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனது அதனால்தான். சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போகிறேன் என்று சொன்னது பொய். டயரில் காற்று நன்றாகத்தான் இருந்தது.

வயிறு எரிகிறது கதிர். இதைப் படித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு உன் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டு வந்து, "எனக்கு வயிறு எரியுதுடி" என்று உங்க அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். சித்தப்பா மகன் அவனுடைய அப்பனைப் புதுக் காரில் முன்சீட்டில் உட்கார வைத்துச் சிதம்பரம் வரைக்கும் ஒரு சுற்றுக் கூட்டிப் போய் வந்தான், அதைப் பார்த்து வந்த எரிச்சல் அது. நீ எழுந்து போய் ஒரு மாத்திரையும் டம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். "சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும். நீங்க சாப்ட்டுட்டீங்க. பரவால்ல, போடுங்க" என்றாய். உங்க அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன், வேறு என்ன செய்ய? அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் வயிறு எரிகிறது என்று வருகிற இடத்திலெல்லாம் பொறாமை என்று படித்துக்கொள். மாத்திரை தேட வேண்டாம். நான் இதை எழுதுவதே அந்த 'வேணாம்' என்ற சொல்லை நீ திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான்.

முதல் பொறாமை உங்க அம்மா மேல். அவள் உனக்குத் தாய், அவள்மேல் என்ன பொறாமை என்று கேட்பார்கள். கேட்கிறவர்களுக்கு என்ன, அவர்கள் என் வீட்டில் இருந்து பார்க்கவில்லையே. நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் மைன்ஸ் ஒர்க் ஷாப்பில் கான்ட்ராக்ட் ஹெல்ப்பர். முத்தாண்டிக்குப்பத்துப் பக்கம் அடுத்தவர் கொல்லையில் முந்திரி பொறுக்கிக் கூலி வாங்கின குடும்பம் நமது. அதிலிருந்து ஒருத்தன் வெல்டர் ஆகி, பர்மனென்ட் ஆகி, நெய்வேலி பிளாக்கில் குவார்ட்டர்ஸ் வாங்கினான் என்றால் ஊரில் என்ன பேச்சு தெரியுமா? அப்படிப்பட்டவன் ஷிப்ட் முடிந்து வந்து கையை நீட்டினால் நீ சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நகர்ந்து போவாய். கிரீஸ் வாடை பிடிக்கவில்லை போல என்று குளித்துவிட்டு வருவேன். அப்போதும் போவாய். அவள் புடவை நுனியை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டு அவள் பின்னாலேயே அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடப்பாய். நான் உன்னைத் தொட முடிந்தது சைக்கிள் பாரில் மட்டும்தான். அதுவும் ஏன்? அங்கே உட்கார்ந்தால் நீ ரோட்டைப் பார்க்கலாம், என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அப்படித்தான் நான் நினைத்தேன். மெயின் பஜார் வரைக்கும் உன் உச்சந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டே மிதிப்பேன். "எம்புள்ள எங்கூடதான் பேசுவான்" என்று உங்க அம்மா பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்களிடம் பெருமையாகச் சொல்லும்போது, உள்ளே உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிற எனக்கு எப்படி இருக்கும் என்று அவளும் யோசித்ததில்லை.

ஒருமுறை மட்டும் உன்னை ஜெயித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆயுத பூஜைக்கு ஒர்க் ஷாப்பைக் குடும்பத்துக்குத் திறந்துவிடுவார்கள் அல்லவா, உனக்கு அப்போது மீசை முளைக்காத வயசு, உன்னைக் கூட்டிப் போனேன். வாழைக்கன்று கட்டி, மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் கடலையும் வாங்க ஒரே கூட்டம். கூட்டத்தில் நீ அலறுவாய் என்று பயந்தேன். நீ அலறவில்லை. நேராக என் கிரைண்டிங் மிஷின் முன்னால் போய் நின்று, "ஓடலையா?" என்று கேட்டாய். என்னைப் பார்த்துக் கேட்டாயோ மிஷினைப் பார்த்துக் கேட்டாயோ, நீயாக என் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆனால் பூஜை போட்ட மிஷினை மறுநாள் வரைக்கும் யாரும் தொடக்கூடாது. எங்களை மேய்க்கிற சார்ஜ்மேனிடம் கெஞ்சிப் பார்த்தேன். "யோவ், உனக்கு இன்னா பைத்தியமா? சாமிக்குப் படைச்ச மிஷின்யா" என்று சத்தம் போட்டார். நீ கொஞ்ச நேரம் நின்றாய், "ஓடல" என்றாய், வாசலைப் பார்த்து நடந்துவிட்டாய். அன்றைக்கு மற்றப் பிள்ளைகள் அவரவர் அப்பன் தோளில் ஏறிக்கொண்டு பொரி தின்றுகொண்டிருந்தார்கள். அந்த அப்பன்கள் ஒவ்வொருவனையும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

புயலில் நம் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததற்கு அடுத்த வருஷம்தான், உனக்கு இருப்பது ஆட்டிசம் என்று பாண்டிச்சேரி டாக்டர் சொன்னார். நீ டிப்ளமோ முடித்து மெயின் பஜார் ஜெராக்ஸ் கடையில் உட்கார ஆரம்பித்துவிட்டாய், அப்போதுதான் பெயர் தெரிந்தது. அதுவரைக்கும் கூச்சம் என்றோம், பிடிவாதம் என்றோம், மேல்பட்டாம்பாக்கத்தில் மந்திரிக்கக்கூடக் கூட்டிப்போனாள் உங்க அம்மா. அந்த டாக்டர்தான் சில வருஷம் கழித்து, சென்னையில் ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, உன்னைப் போல வளர்ந்தவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள், விருப்பம் இருந்தால் போகலாம் என்றார். எனக்கு விருப்பம் இல்லை. கதிருக்கு என்ன கேடு, அவன் மூளையை எதற்கு நோண்டணும் என்றேன். நீதான் "போகலாம்" என்றாய். மிஷின் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களே, விடுவாயா!

அங்கேதான் ஆராய்ச்சியை நடத்துகிற அந்த மேடம். பருத்திப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை, அதட்டாத குரல். உன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, உன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நீ பார்க்கிற ஜன்னலைத் தானும் பார்த்துக்கொண்டு பேசினார். நீ பதில் சொன்னாய். முழுசு முழுசாகச் சொன்னாய். "எனக்குக் குழல் விளக்கு பிடிக்காது. அதோட சத்தம் கேக்கும்" என்றாய். நம் வீட்டுக் கூடத்தில் எத்தனை வருஷமாகக் குழல் விளக்கு எரிகிறது, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? நீ சொன்னதும் அவர் எழுந்து போய் விளக்கை அணைத்தார். அந்த ஒரு நிமிஷத்தில் அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாமா என்று எனக்கு வந்தது, சத்தியமாக.

அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் விளக்கிச் சொன்னார். மூளைக்கு மேலே தோல் மாதிரி ஒரு அடுக்கு இருக்கிறதாம், புறணி என்று பெயராம். சில மில்லிமீட்டர்தான் கனம். கசக்கிப்போட்ட துணி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்குமாம். அந்த அடுக்கு எங்கே தடிப்பு, எங்கே மெலிசு, மடிப்பு எவ்வளவு ஆழம் என்று அளக்கிறார்களாம். "குழந்தைங்கள நிறைய பேர் பாக்கறாங்க சார். அந்தக் குழந்தைங்க வளந்து பெரியவங்களா ஆனப்புறம் எப்படி இருக்காங்கன்னு பாக்கறது குறைவு. அதுக்குத்தான் கதிர் மாதிரி ஆளுங்க வேணும்" என்றார். எங்க மைன்ஸில் பூமிக்குக் கீழே கரி எவ்வளவு கனம் என்று தெரிய போர் போட்டுப் பார்ப்பார்கள், நீங்கள் துளை போடாமலே பார்த்துவிடுவீர்களா என்று கேட்டேன். சிரித்தார். "ஆமா சார், துளை இல்ல, ஊசி இல்ல" என்றார். ஆனால் ஒருத்தர் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவருக்கு இதனால்தான் இப்படி என்று சொல்ல முடியாது, நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும், அதுவும் கொஞ்சமாகத்தான் தெரியும் என்று அவரே ஒப்புக்கொண்டார். எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம். பரவாயில்லை, இவருக்கும் முழுசாகத் தெரியாது என்று. இருந்தாலும் உன் மூளையின் மேல்தோல் எங்கே எவ்வளவு கனம் என்று அந்த அம்மா அளந்துவிட்டார். ரசத்தைச் சாம்பார் சோற்றின்மேல் ஊற்றினால் நீ ஏன் எழுந்து போகிறாய் என்றுகூட எனக்குத் தெரியாது.

படம் எடுக்கிற அறைக்குள் காந்தம் இருப்பதால் உலோகம் எதுவும் ஆகாது என்றார்கள். உன் பெல்ட், வாட்ச், சாவிக்கொத்து எல்லாம் என் மடியில். பெற்றவர்களையும் படம் எடுக்கிறோம், குடும்பத்தில் எது ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம் என்று மேடம் சொன்னதும், உங்க அம்மா முந்திக்கொண்டு சரி என்றுவிட்டாள். அன்றைக்கு ஒருத்தருக்குத்தான் நேரம் இருந்ததாம். தாலிச் சங்கிலியைக் கழற்ற முடியாது என்று முதலில் அழுதாள், அப்புறம் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கோத்துக் கட்டிக்கொண்டு, சங்கிலியையும் மெட்டியையும் மூக்குத்தியையும் என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். என் மடி நிறைய உங்கள் இரண்டு பேருடைய சாமான். வெளியே வந்தவளிடம் எப்படி இருந்தது, பயமாக இருந்ததா என்று ஆவலாகக் கேட்டேன். "சில்லுனு இருந்துச்சுங்க. தூங்கிட்டேன்" என்றாள். அந்தப் படத்துக்கு ஏங்கிக்கொண்டு நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன், இவள் உள்ளே போய்த் தூங்கியிருக்கிறாள்!

நீயோ வெளியே வந்து, மிஷின் எந்தச் சத்தத்துக்கு அப்புறம் எந்தச் சத்தம் போட்டது என்று வரிசையாகச் சொன்னாய், வாயாலேயே செய்தும் காட்டினாய். அங்கே பயந்துபோய் உள்ளே போக மறுத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். நீ அவளைப் பார்க்காமலே, "மொதல்ல தட்டும். அப்புறம் கொஞ்சம் நிக்கும். அப்புறம் ரம்பம் மாதிரி. அதுதான் பெருசு. அதுக்கப்புறம் முடிஞ்சுரும்" என்றாய். அவள் போய்ப் படுத்துவிட்டாள். அதைப் பார்த்துத்தான் மேடம் உனக்கு இந்த வேலையைக் கொடுத்தார். வருகிறவர்களை உட்கார வைத்து, உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிற வேலை. நல்ல வேலை. அதைக் கொடுத்தவர் நானாக இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இனி நான் படம் எடுக்கப்போன கதை. உன் படமும் அம்மா படமும் ஒரே கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது என்ற நினைப்பே என்னைக் குடைந்தது. நீ சின்னவனாக இருந்தபோது, "எங்க பக்கத்துல யாருக்கும் இப்டி கெடையாது" என்று நானும், "எங்க வூட்டுல மட்டும் இருக்குதா இன்னா?" என்று உங்க அம்மாவும் அடித்துக்கொண்டது உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்குத்தான் எதுவும் மறக்காதே. இப்போது கதை தலைகீழ். என் மூளையையும் எடுங்கள், அவனுடைய மடிப்பு ஒன்றாவது என்னைப் போல இருக்கும் என்று நானே போன் போட்டுக் கேட்டேன். மேடமும் வரச் சொன்னார். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன் கதிர். மூளையைப் படம் எடுக்க எதற்கு எண்ணெய்க் குளியல் என்று உங்க அம்மா கேலி பண்ணினாள்.

டெக்னீஷியன் பையன் கேள்வி கேட்டான். ஆபரேஷன் நடந்ததா, இல்லை. உடம்பில் பிளேட், ஸ்க்ரூ, இல்லை. கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டதா? இல்லை என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. கரி மைன்ஸில் மண் வெட்டுகிற ராட்சத மிஷினின் பல் தேய்ந்து வந்தால் அதற்கு வெல்டிங்கில் பூச்சு வைத்து, கிரைண்டரால் இழைப்பது என் வேலை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வேலை செய்கிறவன்தான் கெட்டிக்காரன் என்று எங்கள் கேங்கில் ஒரு திமிர். கண்ணில் பொறி விழுந்தால் கூட இருக்கிறவன் இமையை மடித்துத் துணி நுனியால் ஒத்தி எடுப்பான். எடுத்தாச்சு என்றால் எடுத்தாச்சு. டீ குடித்துவிட்டு மறுபடி கிரைண்டர். டிஸ்பென்சரிக்குப் போகிறவனை, "இன்னாடா, புள்ள பெக்கப் போறியா?" என்று ஓட்டுவோம். அதெல்லாம் கணக்கிலேயே வராது. கண்ணில் இரும்பு பட்டதா என்று கேட்டால், ஒர்க் ஷாப் ஆள் எவனும் இல்லை என்றுதான் சொல்வான்.

நீ குறுக்கே வந்தாய். "அப்பா சொல்றது தப்பு. அவருக்கு வலது கண்ணுல இரும்பு போயிருக்கு" என்றாய். அத்தனை பேர் முன்னால். நான் முறைத்தேன். "அதெல்லாம் அப்பவே எடுத்தாச்சுடா" என்றேன். "எடுக்கல" என்றாய். டெக்னீஷியன் என் பேச்சை விட்டுவிட்டு உன் பேச்சைக் கேட்டான், எக்ஸ்ரேக்கு அனுப்பினான். வந்த படத்தில் வலது கண் பக்கம் எள்ளில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. உள்ளே போயிருந்தால் காந்தம் அதை அசைத்து இழுத்திருக்கும், பார்வையே போயிருக்கலாம், உங்கள் பையன் காப்பாற்றினான் சார் என்று ஆளாளுக்கு உன்னைப் பாராட்டினார்கள். எடுக்க வேண்டாம், பல வருஷமாக அது அங்கேயே அடங்கிக் கிடக்கிறது, காந்தத்துக்குப் பக்கத்தில் மட்டும் போகாதீர்கள் என்றார் கண் டாக்டர். அவர்கள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குள் ஓடினது வேறு. உனக்கும் உங்க அம்மாவுக்கும் மட்டும் அந்தப் படத்தில் இடம், என்னை வாசலோடு நிறுத்திவிட்டாய், நான் உள்ளே வருவது உனக்குப் பிடிக்கவில்லை என்று. நேற்றைக்கு நீ "வேணாம்" என்றதும் அதேதான் என்று தோன்றியது. வேலைக்குப் போகிற இடத்தில் உனக்கு மேடம் இருக்கிறார், கொண்டுவிட அம்மா இருக்கிறாள். வெல்டர் எதற்கு?

கோபத்தில் எழுதினாலும் அப்பன் அப்பன்தான், அதனால் சில விஷயம் சொல்லி வைக்கிறேன். மெஸ்ஸில் ரசத்தைத் தனிக் கிண்ணத்தில் கேள், தருவார்கள். பஸ்ஸில் யாராவது இடித்தால் கத்தாதே, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி அடுத்த பஸ் ஏறு. அறையில் கூட இருக்கிறவன் மேல் வாடை அடித்தால், வாடை அடிக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லாதே, ஜன்னலைத் திற. எவனாவது உன்னை வைத்துச் சிரிக்கிறான் என்று சந்தேகம் வந்தால் எனக்குச் சொல். மேடத்துக்கு அல்ல.

இதுவரைக்கும் நேற்று மத்தியானம் எழுதியது. கிழித்துப் போட்டிருக்க வேண்டும், ஆனால் உனக்குப் பொய் பிடிக்காது, அதனால் அப்படியே வைத்துவிட்டு மேலே எழுதுகிறேன்.

இன்று காலை நீ பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாய். நான் வாசற்படியிலேயே உர்ரென்று உட்கார்ந்திருந்தேன். உங்க அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாத்துக்குங்க மூஞ்சத் தூக்கி வச்சிகினு உக்காந்துகினு இருக்கீங்க? வேணாம்னான்னா ஏன் வேணாம்னு கேளுங்களேன். அவன் இன்னா, கேட்டா சொல்லாத புள்ளையா?" என்றாள். எனக்கு ரோஷம். இத்தனை நாளில் நான் உன்னிடம் ஏன் என்று கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளே வந்து, உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, உன்னைப் பார்க்காமல் பையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். ஏன்டா, அப்பா ஏன் வரக்கூடாது? நீ சட்டையை மடிப்பதை நிறுத்தவில்லை.

"அங்க காந்தம் இருக்கு" என்றாய்.

இருந்தால்?

"அது எப்பவும் ஆன்ல இருக்கும். ராத்திரிலயும், ஞாயித்துக்கெழமையும், பொங்கலுக்கும். அவங்க ஆஃப் பண்ண மாட்டாங்க. உங்க கண்ணுல இரும்பு இருக்கு. கதவுல போர்டு போட்ருக்கு, ஆனா நீங்க போர்டு படிக்க மாட்டீங்க. யாராவது நில்லுங்கன்னு சொன்னா கோவம் வந்துரும். கதவத் தெறந்துகினு உள்ள வந்துருவீங்க."

நான் அப்படிச் செய்வேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். செய்வேன். உன்னைப் பார்க்க விடமாட்டேன் என்று ஒருத்தன் சொன்னால் செய்துதான் இருப்பேன். அதற்காக நீ என்னை அந்த அறைக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்தக் கட்டடத்துக்கு வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சென்னைக்கே வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டாய். அறிவு கெட்டவனே, சென்னை எவ்வளவு பெரிய ஊர்!

கண்ணில் இரும்பு இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். எக்ஸ்ரே எடுக்கும் முன்னாலேயே சொன்னாயே, எப்படி? "நான் அஞ்சாவது படிக்கும்போது" என்று ஆரம்பித்தாய். ஷிப்ட் முடிந்து வந்து நான் கண்ணைத் தேய்த்தேனாம், அம்மா முந்தானையை ஊதி ஊதி ஒத்தடம் கொடுத்தாளாம், ஒன்றுமில்லை, எடுத்தாச்சு என்றேனாம். "ஆனா அதுக்கப்புறம் அந்தக் கண்ண மட்டும் சுருக்குவீங்க. சாப்புடும்போது, சைக்கிள் தொடைக்கும்போது, டிவி பாக்கும்போது. இடது கண்ண சுருக்க மாட்டீங்க. அதனால எடுக்கல." சொல்லிவிட்டு, "இப்பவும் சுருக்கறீங்க" என்றாய். சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

எழுந்து போய்க் கண்ணாடியில் பார்த்தேன். உண்மைதான். எனக்கே தெரியாது. அடுப்படிக்குப் போய் உங்க அம்மாவிடம், நான் வலது கண்ணைச் சுருக்குவேனா என்று கேட்டேன். "அப்டியா? நான் பாத்ததில்லையே" என்றாள். கட்டின பொண்டாட்டி, இத்தனை வருஷம் ஒரே கூரையில், பார்த்ததில்லையாம்! நீ பார்த்திருக்கிறாய். என் முகத்தை ஒருநாளும் ஏறெடுத்துப் பார்க்காதவன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை பார்த்திருக்கிறான். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தேன். வெங்காயம் என்று சொன்னேன். அவள் வெங்காயம் அரியவில்லை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இன்றைக்கு என்மேல் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

ஆகவே இப்போது கேட்கிறேன். திங்கட்கிழமை அம்மாவே வரட்டும். நான் வரவில்லை. ஆனால் அதற்கு அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை வருகிறேன். கட்டடத்துக்குள் வரமாட்டேன். எந்தக் கதவையும் தொடமாட்டேன், வாட்ச்மேன் நில்லு என்றால் நிற்பேன், சத்தியம். கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை உண்டு, அங்கே உட்கார்ந்திருப்பேன். காந்தம் அவ்வளவு தூரம் எட்டாது. நான் சொன்னால் நம்பமாட்டாய், மேடத்திடம் கேட்டுக்கொள், அவர் சொல்வதை நீ நம்புவாய். வேலை முடிந்ததும் வந்து பக்கத்தில் உட்கார். என்னைப் பார்க்க வேண்டாம், ரோட்டைப் பார். எத்தனை பேர் வந்தார்கள், யார் பயந்தார்கள், மிஷின் என்ன சத்தம் போட்டது என்று சொல். அம்மாவிடம் போனில் சொல்லி, மேடத்திடமும் பேசி, மிச்சம் ஏதாவது இருந்தால் என்னிடம் பேசு.

இல்லை, பொய். மிச்சம் எனக்கு வேண்டாம். முதலில் என்னிடம் பேசு.